பொதியும் பிசினின் மின் சுபாவம்

வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ திறந்து பார்த்தவர்கள், பச்சைப் பலகையின்மீது வரிசையாக அமர்ந்திருக்கும் கரிய சதுரத் துண்டுகளைக் கண்டிருப்பார்கள். அவற்றைச் ‘சிப்’ என்று சொல்லிப் பழகிவிட்டோமாயினும், நம் கண்ணுக்குப் புலனாவது சிப்பைப் பொதிந்து நிற்கும் பிசினேயாகும். உள்ளே கிடக்கும் சிலிக்கான் சில்லு பெரும்பாலும் நகத்தளவுகூட இராது. அந்தப் பிசினைப் பற்றி மின்னணுத் தொழிலில் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம், அது தூசியையும் ஈரத்தையும் கைபடுதலையும் தடுக்கும் ஒரு மேலுறை என்பதும், மின்சாரத்தைக் கடத்தாத பதார்த்தமாதலால் சுற்றின் கணக்கில் அதற்கு இடமில்லை என்பதுமே. இத்தகைய பிசின்களைக் கலந்தும் ஊற்றியும் அளந்தும் பல்லாண்டு பழகிய அனுபவத்தில், இந்த அபிப்பிராயத்தின் முற்பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதியை ஒப்புக்கொள்ள இயலவில்லை. சுற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் பிசினும் சுற்றின் ஓர் உறுப்பே; வரைபடத்தில் அதற்கொரு குறியீடு இல்லாமையால் அதன் செயலும் இல்லாமற் போய்விடுவதில்லை. அச்செயல் எத்தன்மையது, எவற்றால் மாறுகிறது, எங்கெங்கே இன்றளவும் இடர் விளைக்கிறது என்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிசினுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்துக்கு வழங்கும் பெயரே, ஆம்பர் என்னும் கல்லாய் இறுகிய மரப்பிசினுக்குக் கிரேக்கர் இட்டிருந்த ‘எலெக்ட்ரான்’ என்ற பெயரிலிருந்து பிறந்ததாகும். துணியால் தேய்த்த பிசின் துண்டு துரும்பை இழுத்ததே மனிதன் கண்ட முதல் மின் பரிசோதனைகளுள் ஒன்று. மின்சாரம் கம்பியில் ஓடத் தொடங்கிய காலத்தில் அதனை வேலியிட்டுக் காக்க வந்தவையும் மரங்களும் பூச்சிகளும் தந்த பொருள்களே. மலேயாக் காடுகளின் கட்டபெர்ச்சா என்னும் மரப்பாலின் காப்புத் திறனை 1848-இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துரைத்தார். 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு அதுவே மேற்போர்வையாயிற்று. சோட்டா நாக்பூர்ப் பகுதியில் பலாசு, குசும் மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கு, சுருள்களுக்கும் மோட்டார்களுக்கும் பூசும் வார்னிஷாக உலகமெங்கும் சென்றது. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியதற்கு அந்த வாணிபமே பின்புலம். அரக்குக்கு மாற்று ஒன்று வேண்டும் என்ற தேட்டத்தில் இறங்கிய பெல்ஜிய நாட்டவரான லியோ பேக்லண்ட், 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் அழுத்தத்தில் இணைத்துப் பேக்லைட்டைச் செய்து, 1909-இல் உலகுக்கு அறிவித்தார். மரமும் பூச்சியுமின்றி உலையில் பிறந்த முதற்பிசின் அது.

இன்று இத்துறையில் அரசு செலுத்தும் எபாக்ஸியோ பல் வைத்தியத்தின் வழியாக வந்தது. சுவிட்சர்லாந்தில் பற்கட்டுகளுக்கு உகந்த பொருளைத் தேடிய பியர் காஸ்டன் என்னும் இரசாயனர், இறுகும்போது அதிகம் சுருங்காத பிசின் ஒன்றைக் கண்டு 1938-இல் காப்புரிமை கோரினார். பற்களுக்கு அது பயன்படவில்லை. பேசல் நகரத்துச் சீபா நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று 1946-இல் ‘அரால்டைட்’ என்ற பெயரில் ஒட்டுப் பசையாக வெளியிட்டது. அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் வண்ணப்பூச்சுக்காக ஏறத்தாழ இதே பிசினை வேறு வழியில் வந்தடைந்தார். ஒட்டும் திறன் மிகுதி, சுருக்கம் குறைவு, இறுகுகையில் ஆவியாய் வெளிப்படும் துணைப்பொருள் இல்லை என்னும் மூன்று குணங்களும் ஒன்றுசேர்ந்ததால், மின்மாற்றியும் மின்தேக்கியும் இதற்குள் அடங்கின. டிரான்சிஸ்டர் மட்டும் நெடுநாள் உலோகக் குப்பியிலேயே வாழ்ந்தது. 1960-களில் அது பிசினுக்குள் குடியேறத் தொடங்கியபோது வாணிபம் மகிழ்ந்தது, இராணுவம் ஐயுற்றது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி 1994-இல் வணிகத் தரங்களை ஏற்குமாறு ஆணையிடும் வரையில், போர்க்கருவிகளில் பிசின் பொதிந்த சிப்புக்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அந்த ஐயத்தைப் பழமைவாதம் என்று சிலர் எள்ளுவதுண்டு. 1970-களின் பிசின்களை அறிந்தவர்கள் அவ்வாறு எள்ளமாட்டார்கள் என்பது என் துணிபு.

பிசினின் மின் குணங்களுள் முதலில் வைத்து எண்ணப்படுவது அதன் தடைத்திறன். நல்ல எபாக்ஸிக்கு அது 10¹⁵ ஓம்-செ.மீ. என்ற அளவில் இருக்கும் என்று தரவுத்தாள்கள் அச்சிடுகின்றன. இந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த வில்லை ஒன்றை அறை உஷ்ணத்தில் வைத்து, 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, சரியாக ஒரு நிமிடம் கழித்து ஓடும் மின்னோட்டத்தை அளந்து கணக்கிடுவதே வழக்கம். ஏன் ஒரு நிமிடம்? அழுத்தம் கொடுத்த கணத்தில் ஓடும் ஓட்டம் பெரிது; பிறகு அது குறைந்துகொண்டே போகிறது; பத்து நிமிடத்திலும், சில பிசின்களில் பல மணிநேரத்திலும்கூட அது நிலைக்கு வருவதில்லை. 1889-இல் ஜாக் கியூரியும் 1907-இல் ஃபான் ஷ்வைட்லரும் வரையறுத்த இந்தத் தேய்வு, பிசினுள் மின்னேற்றங்கள் ஊர்ந்து இடம்பெயர்வதன் அறிகுறியாகும். ஆகவே ஒரு நிமிடம் என்பது மனிதர் தம்முள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமேயன்றிப் பிசினின் இயல்பில் உள்ள எல்லையன்று. தரவுத்தாளின் எண்ணைப் பிசினின் ஜாதகம்போல் மதிப்பவர்கள், அது 23 டிகிரியில், உலர்ந்த நிலையில், அறுபதாம் விநாடியில் எடுத்த ஒரு புகைப்படம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உஷ்ணத்தோடு இந்த எண் வீழும் விதம்தான் விஷயத்தின் உயிர்நிலை. உலோகம் சூடானால் அதன் தடை ஏறுகிறது. பிசின் சூடானால் அதன் தடை இறங்குகிறது, அதுவும் படிப்படியாக அன்றிப் பாய்ச்சலாக. காரணம், பிசினில் மின்சாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலெக்ட்ரான்கள் அல்ல, அயனிகள். எபாக்ஸியை ஆக்கும்போது பிஸ்ஃபீனால் என்னும் பொருளையும் எபிகுளோரோஹைட்ரினையும் காரத்தின் துணைகொண்டு இணைக்கிறார்கள். அதில் உண்டாகும் சாதாரண உப்பை எத்தனை முறை கழுவினாலும் சிறிதளவு சோடியமும் குளோரைடும் தங்கிவிடுகின்றன. பிசின் இறுகிக் கண்ணாடிபோல் உறைந்துள்ள வரையில் இவ்வயனிகள் மெழுகில் பதிந்த மணல்போல் அசைவற்றுக் கிடக்கின்றன. ஒவ்வொரு பிசினுக்கும் கண்ணாடி நிலைமாற்ற உஷ்ணம் என்று ஒன்று உண்டு. அதனைக் கடந்தவுடன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெகிழ்ந்து அசையத் தொடங்க, அவற்றின் இடைவெளிகளில் அயனிகளுக்கு வழி பிறக்கிறது. அறை உஷ்ணத்தில் 10¹⁵ காட்டிய பிசின், 150 டிகிரியில் ஆயிரம் மடங்கும் பதினாயிரம் மடங்கும், சில வேளை அதனினும் மிகுதியாகவும் தாழ்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். குளிர்வித்தால் எண் மீண்டும் ஏறிவிடும். பழுதான கருவி மேசைக்கு வந்து சேரும்போது குற்றமற்றதாகத் தோன்றுவதும் இதனாலேயே.

அயனிகளின் இந்த நடமாட்டத்தைத் தொழிலறிஞர்கள் நன்மைக்கும் பயன்படுத்துகிறார்கள். பிசினும் அதனை இறுகச் செய்யும் ஹார்ட்னரும் கலந்து இறுகும்போது அதன் கடத்துதிறன் குறைந்துகொண்டே வருமாதலால், அச்சுக்குள் சிறு மின்முனைகளை வைத்து அதனை அளந்தால், இறுகல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொடாமலே அறியலாம். பட்டறைகளில் நடப்பது வேறு. ஊற்றிய மறுநாள் காலையில் கட்டைவிரல் நகத்தைப் பிசினில் அழுத்திப் பார்த்து, ‘செட் ஆயிடுச்சுண்ணே’ என்று சொல்வதோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. நகம் அறிவது கடினத்தை மட்டுமே. ஹார்ட்னர் சிறிது மிகினும் குறையினும் பிசின் கல்போல் கடினமாகிவிடக் கூடும். ஆனால் சேராமல் எஞ்சிய மூலக்கூறுகள் உள்ளே உலவி, கையால் கண்டறிய முடியாத கசிவுக்கு வழி வகுத்துக்கொண்டிருக்கும். கண்ணளவாகக் கலப்பதை நான் பணிசெய்த இடத்தில் நிறுத்துவதற்கும், தராசு ஒன்றை ஊற்றுமிடத்திலேயே வைப்பதற்கும் எங்களுக்கு ஒரு கசப்பான பாடம் வேண்டியிருந்தது.

அதனைச் சற்று விரித்துச் சொல்வது பொருந்தும். சாயப்பட்டறைக் கழிவுநீரின் அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர்களுக்கு, மின்முனையின் தலையிலேயே பொருத்தும் சிறு பெருக்கி ஒன்றை நாங்கள் செய்துவந்தோம். ரூபாய் நாணயத்தளவு பலகை; அதன்மேல் இளகிய பாலியூரிதேன் பிசின்; அதற்குமேல் பிளாஸ்டிக் மூடி. அறையில் சோதித்தபோது ஒன்றும் பிழையில்லை. திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு பட்டறையின் தொட்டியருகே பொருத்திய மீட்டரோ, காலையில் 7 என்று காட்டிய அதே நீரைப் பிற்பகலில் 9 என்று காட்டியது. மாலை கவிழக் கவிழ மீண்டும் 7-க்கு வந்தது. கழிவுநீரே மாறுகிறது என்று அவர்கள் எண்ண, மின்முனை கெட்டது என்று நாங்கள் எண்ண, இரண்டு மின்முனைகளை மாற்றியும் நோய் தீரவில்லை. பிறகு அந்தப் பலகையை மேசைமேல் வைத்து அடுப்பில் 60 டிகிரிக்குச் சூடேற்றிப் பார்த்தோம். மூடிக்குள் வெயில் தந்த உஷ்ணம் அவ்வளவே இருந்திருக்கும். 12 வோல்ட் வரும் பின்னும், மின்முனை வந்து சேரும் பின்னும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து நின்றன. அவற்றினிடையே பிசின் காட்டிய தடை ஆயிரம் கோடி ஓம். பெரிய எண்தான், ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். 12 வோல்ட் அத்தடையின் வழியே அனுப்பும் ஓட்டம் ஓர் ஆம்பியரின் நூறு கோடியில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கண்ணாடி மின்முனையின் உட்தடையோ பத்துக் கோடி ஓம். அவ்வற்ப ஓட்டம் அத்தடையில் பாய்ந்தால் எழும் அழுத்தம் 120 மில்லிவோல்ட், பி.எச். ஓர் அலகு மாறுவதற்கு 59 மில்லிவோல்ட் போதும். காணாமற்போன இரண்டு அலகுகளும் அங்கே இருந்தன.

அப்பெருக்கியைக் குணப்படுத்த நாங்கள் முதலில் வேறு பிசினைத் தேடவில்லை. மின்முனைப் பின்னைச் சுற்றி, அதே அழுத்தத்தில் நிற்கும் ஒரு செப்பு வளையத்தைப் பலகையில் வரைந்தோம். இரு பக்கமும் ஒரே அழுத்தமானால் இடையில் எத்தனை மோசமான பிசின் இருந்தாலும் ஓட்டம் பிறவாது. பின்னைப் பலகையைத் தொடாமல் ஒரு டெஃப்லான் தூணின்மேல் நிறுத்தினோம். தராசு அதற்குப் பிறகு வந்தது. பிசினைச் சுற்றின் உறுப்பாக எண்ணியபின் தோன்றும் பரிகாரங்கள், அதனை உறையாக மட்டும் எண்ணும்வரை தோன்றுவதில்லை.

மின்சாரத்தைக் கடத்தாத நிலையிலும் பிசின் சும்மா இருப்பதில்லை. மின்புலத்தில் வைத்தால் அதன் மூலக்கூறுகள் முனைவு கொள்கின்றன. எலெக்ட்ரான் மேகம் சற்றே விலகுகிறது. நிரந்தர இருமுனைகள் புலத்தின் திசையை நோக்கித் திரும்ப முயல்கின்றன. எபாக்ஸியின் சங்கிலியில் வரிசையாகத் தொங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அத்தகைய இருமுனைகளே. டச்சு நாட்டவரான பீட்டர் டிபை, இவை திரும்புவதற்குக் காலம் வேண்டும் என்பதையும், புலம் அக்காலத்தைவிட விரைவாக மாறினால் அவை பின்தங்கி, பின்தங்கிய அளவுக்குச் சக்தியை உஷ்ணமாக விழுங்கும் என்பதையும் கணிதமாக்கி, 1929-இல் நூலாகவும் தந்தார். நிரப்பியற்ற எபாக்ஸியின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 3.5 முதல் 4.5 வரையில் இருக்க, சிலிகோன் பிசினுக்கு அது 3-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. காற்றுக்கு 1, நீருக்கு 80. ஆதலால் பலகையொன்றைப் பிசினில் மூழ்கடித்தவுடன் அடுத்தடுத்து ஓடும் கம்பிகளின் இடையிலுள்ள மின்தேக்கம் பெருகுகிறது. 20 பிகோஃபாரட் கொண்ட அலையியற்றிச் சுற்றில், 1 பிகோஃபாரட்டாக இருந்த உதிரித் தேக்கம் 3 ஆனால், அதிர்வெண் ஏறத்தாழ 5 விழுக்காடு தாழ்ந்துவிடும். ஊற்றிய பின் சுருதி கூட்டுவதால் இதனைச் சரிசெய்யலாம். உஷ்ணத்தோடும் ஈரத்தோடும் மாறிலியே மாறும்போது நேரும் விலகலைச் சரிசெய்வதுதான் அரிது.

வாணிபப் பிசின்கள் எவையும் தனிப்பிசின் அல்ல என்பதையும் இங்கே கருத வேண்டும். சிப்பைப் பொதியும் கரிய கலவையில் எடைக்கு எடை 70 முதல் 90 விழுக்காடு வரை சிலிகாத் தூளே. எபாக்ஸி உஷ்ணத்தால் விரியும் அளவு சிலிக்கானைவிடப் பன்மடங்கு மிகுதியாதலால், விரிவற்ற சிலிகாவைச் சேர்த்து அதனைத் தணிக்காவிட்டால் சில்லைக் கால்களோடு இணைக்கும் தங்கக் கம்பிகள் அறுந்துபோகும். இயந்திரக் காரணத்துக்காகச் சேர்த்த இத்தூள் மின் விஷயத்தில் புதுக்கதை ஒன்றைத் தொடங்கிவைக்கிறது. இரு வேறு பொருள்கள் சந்திக்கும் எல்லையில், அவற்றின் கடத்துதிறன்கள் வேறுபடுவதால் மின்னேற்றம் வந்து தேங்கும் என்பதை மேக்ஸ்வெல் கண்டார். வாக்னர் 1914-இல் அதனை வளர்த்தார். ஒவ்வொரு சிலிகா மணியின் மேற்பரப்பும் அவ்வாறான ஓர் எல்லையே. மணிக்கும் பிசினுக்கும் நல்ல பிணைப்பு அமைய சிலேன் என்னும் இணைப்பானைப் பூசுகிறார்கள். அது குறைபட்டால் மணியைச் சுற்றிக் கண்காணா நீர்ப்படலம் அமைந்து, குறைந்த அதிர்வெண்களில் மாறிலியும் இழப்பும் திடீரென உயர்கின்றன. உலர்ந்த சாம்பிளில் இக்குறை தலைகாட்டாது.

ஈரத்தைப் பற்றிப் பொதுமக்களிடையே மட்டுமன்றிப் பொறியாளர்களிடையேயும் ஒரு மயக்கம் உண்டு. பிசின் நீரை உள்ளே விடாது என்று நம்புகிறார்கள். விடாத பிசின் எதுவுமில்லை. நிரப்பியற்ற எபாக்ஸி நாளடைவில் தன் எடையில் ஓரிரு விழுக்காடு நீரை உறிஞ்சும்; சிப்பின் கலவை அதனினும் குறைவாக உறிஞ்சும்; வேற்றுமை அளவிலும் காலத்திலும்தான். உட்புகுந்த நீர் தன் பெரிய மாறிலியைப் பிசினுக்குக் கடன் தருகிறது. சங்கிலிகளை நெகிழ்த்தி நிலைமாற்ற உஷ்ணத்தைத் தாழ்த்துகிறது. உறங்கும் அயனிகளுக்குக் கரைப்பானாகிறது. இதில் வியப்பு யாதெனில், நீராவியை எபாக்ஸியைவிடப் பன்மடங்கு எளிதாக ஊடுருவ விடும் சிலிகோன், பல இடங்களில் எபாக்ஸியைவிட நன்றாகச் சிப்பைக் காத்திருக்கிறது என்பதே. முரண்போல் தோன்றும் இதன் சூட்சுமம் ஒட்டுதலில் இருக்கிறது. ஆவியாக வரும் நீர் தீங்கு செய்வதில்லை; படலமாகச் சேர்ந்து, அயனிகளைக் கரைத்து, இரண்டு உலோகத் தடங்களை இணைக்கும்போதுதான் தீங்கு செய்கிறது. மேற்பரப்பை ஓரிடமும் விடாமல் பற்றிக்கொண்ட பிசினின் கீழே அத்தகைய படலம் சேர இடமில்லை. ஊடுருவாமையைவிட ஒட்டுதலையும் அயனித் தூய்மையையும் நான் மேலாக வைப்பது இதனாலேயே.

தூய்மை என்றது வெறும் வார்த்தையன்று. சிப்பின் மேல் ஓடும் அலுமினியத் தடங்களைக் குளோரைடு அரித்துத் தின்றதே 1970-களில் பிசின் பொதிவுக்கு நேர்ந்த பெரும் அவப்பெயர். அப்போதைய கலவைகளில் பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்காக இருந்த குளோரைடு, கழுவுதலாலும் அயனிகளைப் பற்றிக்கொள்ளும் சேர்மங்களாலும் இன்று பத்துப் பங்குக்குக் கீழே வந்துவிட்டது. 85 டிகிரி உஷ்ணத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆயிரம் மணிநேரம் மின்னழுத்தத்தோடு வைத்துச் சோதிக்கும் முறை அக்காலத்துப் போராட்டத்தின் எச்சம். அச்சோதனையிலிருந்து வாழ்நாளைக் கணிக்க 1986-இல் ஸ்டூவர்ட் பெக் தந்த சூத்திரப்படி, பழுதாகும் காலம் ஈரப்பதத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகிறது. 60 விழுக்காட்டு ஈரத்துக்கும் 85 விழுக்காட்டுக்கும் இடையே ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும் என்பது அதன் பொருள். கடற்கரை ஊர்களில் கருவி விற்போர் இதனை மனத்தில் வைக்க வேண்டும்.

உயர் அழுத்தச் சுற்றுகளில் பிரதான பகை ஈரமன்று, குமிழி. பிசினைக் கலக்கும்போது சிக்கும் காற்றும், சுருளின் இழைகளிடையே புகாமல் விட்ட இடமும், இறுகிச் சுருங்குகையில் உலோகத்திலிருந்து விலகிய பிளவும் அதனுள் வெற்றிடங்களாக நிற்கின்றன. மாறுதிசை மின்புலம் மாறிலி குறைந்த இடத்தில் அடர்ந்து நிற்கும் சுபாவமுடையது. மாறிலி 4 ஆன பிசினில் உருண்டைக் குமிழிக்குள் புலம் சூழ்ந்துள்ளதைப்போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலாகும். தகடுபோல் தட்டையான பிளவுக்குள்ளோ நான்கு மடங்காகிவிடும். பிசின் மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 கிலோவோல்ட் வரை தாங்கும், காற்று 3 கிலோவோல்ட் மட்டுமே தாங்கும் என்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், வலியவன் சுமையை மெலியவன் தலையில் ஏற்றும் அநீதி புலப்படும். குமிழிக்குள் சிறு மின்னல் தோன்றி மறைகிறது. பிசின் முழுதும் முறிவதில்லை. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் அது மீண்டும் தோன்றி, குமிழியின் சுவரைக் கரித்து, மரக்கிளைபோல் கவைத்த நுண்வழிகளைப் பிசினுள் மெல்ல மெல்லத் துளைத்துக்கொண்டு போகிறது. பழுதான மின்மாற்றி ஒன்றை அறுத்து மெருகிட்டு உருப்பெருக்கியில் நோக்கினால், கம்பியின் ஓரத்திலிருந்து புறப்பட்ட கரிய சிறு மரம் ஒன்றை வேரும் கிளையுமாகத் தெளிவாகக் காணலாம்.

எனினும் எல்லாக் குமிழிகளும் கொடியவை அல்ல. 1889-இல் பாஷன் கண்ட நியதிப்படி, காற்றில் இடைவெளி எவ்வளவானாலும் ஏறத்தாழ 327 வோல்ட்டுக்குக் கீழ் மின்பொறி பிறவாது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சம் 325. வீட்டுக் கருவிகளில் குமிழி நிறைந்த பிசின்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருப்பது இந்த நூலிழை வேற்றுமையாலும், அவ்வழுத்தத்தின் ஒரு பகுதி மட்டுமே குமிழியின் பங்குக்கு வருவதாலும்தான். 400 வோல்ட்டும் 800 வோல்ட்டும் கொண்ட மின் வாகனங்களின் சுற்றுகளுக்கு இந்தப் பாதுகாப்பில்லை. அங்கே வெற்றிடத் தொட்டியில் வைத்துக் காற்றை உறிஞ்சியபின் ஊற்றுவதைச் செலவென்று கருதி விடுவோர், செலவைப் பின்னுக்குத் தள்ளுகிறார்களேயன்றிக் குறைக்கவில்லை.

இவற்றினும் நுட்பமானது சிப்பின் மேற்பரப்பில் நிகழ்வது. ஆக்சைடு படலத்தின்மேல் உலவும் மின்னேற்றங்கள் அதன் கீழுள்ள குறைக்கடத்தியின் குணத்தையே மாற்றும் என்பதை ஷாக்லியும் அவர் துணைவர்களும் 1964-இல் பரிசோதித்துக் காட்டினர். பிசின் அம்மின்னேற்றங்களின் இருப்பிடமாகக் கூடும். அறுநூறு வோல்ட்டைத் தாங்கும் டிரான்சிஸ்டரை நெடுநேரம் சூட்டில் வைத்துத் தலைகீழ் அழுத்தம் கொடுத்தால், பிசினின் அயனிகள் தத்தம் எதிர்முனையை நோக்கி நகர்ந்து சில்லின் விளிம்பில் குவிகின்றன. ஓட்டத்தைத் திறந்து மூடும் ‘கேட்’ ஒன்று யாரும் அமைக்காமலே அங்கே அமைந்துவிட, அதன் கீழே கசிவுக்குக் கால்வாய் திறக்கிறது. இந்நோய்க்கு அடையாளம் ஒன்றுண்டு: கசிவு மிகுந்த உறுப்பை அழுத்தம் ஏதுமின்றிச் சில மணிநேரம் அடுப்பில் வாட்டினால், குவிந்த மின்னேற்றம் கலைந்து, உறுப்பு புதியதுபோல் ஆகிவிடும். இதனை அறியாமல், பழுதானவற்றை முதலில் நன்றாக உலர்த்திப் பிறகு ஆராயும் வழக்கமுடையோர் நோயின் தடயத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். அடுப்பில் வைக்கும் முன்னர் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்வது சிறு வேலைதான். எத்தனையோ வாரத்து வீண் அலைச்சலை அது தவிர்க்கும்.

பிசினில் சேர்க்கும் எதுவும் மின் நோக்கில் நடுநிலையானதன்று என்பதற்குச் சிவப்புப் பாஸ்பரஸின் சரித்திரத்தைப்போல் நெஞ்சில் தைக்கும் சான்று வேறில்லை. தீப்பிடியாமைக்காகப் புரோமின் சேர்மங்களையும் ஆன்டிமனி ஆக்சைடையும் கலந்துவந்த உற்பத்தியாளர் சிலர், சுற்றுச்சூழலைக் கருதி 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாஸ்பரஸுக்கு மாறினர். நோக்கம் நல்லது; சிறிதளவே போதும்; துகள்களுக்குப் பாதுகாப்பான மேற்பூச்சும் இருந்தது. வழக்கமான சோதனைகளில் கலவை தேறிற்று. மேற்பூச்சுச் சிதைந்த துகள்களில் மட்டும் ஈரம் பட்டுப் பாஸ்பாரிக் அமிலம் பிறந்தது. நெருக்கமான கால்களுக்கிடையே அவ்வமிலத்தின் வழியே செம்பும் வெள்ளியும் அயனிகளாக நடந்து பாலம் கட்டின. வன்தட்டுக் கருவிகள் சில மாதங்கள் ஓடியபின் பெருந்தொகையாக வீழ்ந்த பிறகே குற்றவாளி பிசினுக்குள் இருந்தது தெரியவந்தது. தீயிலிருந்து காப்பதும் கசிவிலிருந்து காப்பதும் இரண்டும் பிசினின் கடமையே. ஒன்றுக்காகச் செய்யும் மாற்றத்தை மற்றதன் கண்கொண்டு, போதிய காலம் கொடுத்து, பார்த்தாக வேண்டும்.

அதிர்வெண் ஏறஏறப் பிசினின் வேறொரு முகம் வெளிப்படுகிறது. வாகனங்களின் 77 கிகாஹெர்ட்ஸ் ராடாரில் அலையின் நீளம் காற்றில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிசினுக்குள் ஏறத்தாழ 2. ஆன்டெனாவே பொதிவுக்குள் அடங்கிவிடும் அச்சிப்புகளில், மாறிலி ஒரு தசமம் பிசகினாலும் கதிர் திசை மாறுகிறது, இழப்பு சிறிது கூடினாலும் எட்டும் தொலைவு குறைகிறது. ஹைட்ராக்சில் தொகுதிகள் குறைந்த பிசின்களைத் தேடும் முயற்சி இதற்காகவே நடக்கிறது. மறுபுறம் சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டர்கள் 175 டிகிரியிலும் அதற்கு மேலும் உழைக்க வல்லவை. பெரும்பாலான எபாக்ஸிக் கலவைகளோ அந்த உஷ்ணத்தை ஒட்டியே தம் நிலைமாற்றத்தைக் கடக்கின்றன. நிலைமாற்றத்தை உயர்த்தினால் பிசின் நொறுங்கத் தலைப்படும். இளகிய சிலிகோன் களியை ஊற்றினால் நொறுங்காது, ஆயினும் செங்குத்தாக எழும் அழுத்தத் துடிப்புகளின் கீழ் அதில் நுண்குமிழிகள் பிறக்கின்றன. சில்லின் திறம் பிசினின் திறத்தை முந்திச் சென்றுவிட்ட காலம் இது.

எங்கள் பட்டறையில் புதிய பிசின் டின் ஒன்று வந்தால், இப்போது அதனை நேரே ஊற்றுமிடத்துக்கு அனுப்புவதில்லை. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை வார்த்து, இரு பக்கமும் வெள்ளிப் பூச்சிட்டு, அழுத்தத்தில் இணைத்து, ஒரு நிமிடத்திலும் ஒரு மணியிலும் மறுநாளிலும் அளக்கிறோம். பிறகு 60 டிகிரி அடுப்பில் ஒரு முறை, 85-இல் ஒரு முறை. அதன்பின் உப்புக் கரைசல் வைத்து மூடிய கண்ணாடிச் சாடிக்குள் இரண்டு வாரம் கிடத்திவிட்டு மீண்டும் ஒரு முறை. எண்களைக் கோடிட்ட நோட்டில் வில்லையோடு சேர்த்து ஒட்டி வைக்கிறோம். சாடிக்குள் சென்று வந்த வில்லைகளில் சில பார்வைக்கு மாறாமலே ஆயிரத்தில் ஒரு பங்குத் தடையோடு திரும்பியிருக்கின்றன. அந்தப் பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மசியால் ஒரு கோடு இருக்கும்.